அப்பாவின் 3,800 பாட்டுகளுக்குப் பெயர் எழுத எந்த மென்பொருள் நல்லது?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பாவுக்கு 81 வயது. பார்வை மங்கிக்கொண்டு வருகிறது, பகல் முழுக்கப் பாட்டுத்தான் துணை. அவர் சேர்த்து வைத்த கசெட்டுகளைச் சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கியிருக்கிறார்கள். அதோடு பழைய சிடிகள், உறவினர் பென் டிரைவில் கொடுத்தவை, இணையத்தில் இறக்கியவை என்று எல்லாம் சேர்ந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏறக்குறைய 3,800 கோப்புகள். பாதிக்கு மேல் ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்றுதான் இருக்கின்றன. சிலவற்றில் ஆல்பத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் யாரோ ஒருவருடைய இணையத்தள முகவரி. இன்னும் சிலவற்றில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, வாசிக்கவே முடியாத ஏதோ ஒன்று. கனடாவில் இருக்கும் தம்பி காசு கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கச் சொல்கிறார். கோப்பின் பெயரை மாற்றினால் போதும் என்கிறான் மகன். பம்பலப்பிட்டிப் பக்கம் ஏதாவது கொம்பியூட்டர் கடையில் கொடுத்து முடித்துவிடுவோம் என்கிறார் கணவர். வாசகி கேட்பது மூன்று விஷயம்: தன்னைப் போன்ற ஒருவர் பழகக்கூடிய லேசான மென்பொருள் எது, பாட்டைத் திறந்து சேமித்தால் ஒலித்தரம் குறையும் என்று சொல்கிறார்களே அது உண்மையா, இதில் சட்டப் பிரச்சினை ஏதும் வருமா.

கடைசியில் பின்குறிப்பாக ஒன்று எழுதியிருந்தார். போன மாதம் எதேச்சையாக ஒரு ‘ட்ராக் 07’ஐ ஓடவிட்டபோது, காலமான அம்மா தேவாரம் பாடுவது கேட்டதாம். அது அந்த டிஸ்க்கில் இருப்பதே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அன்பான சகோதரி,

மென்பொருளின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்காகக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் விண்டோஸ் மடிக்கணினி பாவிப்பதாக எழுதியிருப்பதால், எம்பி3டேக். ஜேர்மனியைச் சேர்ந்த புளோரியன் ஹைடன்ரைக் பல வருடமாகத் தொடர்ந்து பராமரித்து வரும் மென்பொருள் அது. விண்டோஸுக்கு இலவசம். நான் ஒலிப்பதிவுகளை எண்ணிமமாக்கி ஒழுங்குபடுத்துகிற வேலையில் இருக்கிறேன், இன்றைக்கும் என் மேசையில் தினமும் திறப்பது அதைத்தான். தம்பி காசு கொடுத்து வாங்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன்: அவர் மாக் கணினி பாவிப்பவராக இருந்தால், அதில் எம்பி3டேக் காசுக்குத்தான் கிடைக்கும். உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பின்குறிப்புத்தான். அம்மாவின் குரல் இத்தனை வருடமாக உங்கள் வீட்டு மேசை லாச்சிக்குள்ளேயே இருந்திருக்கிறது, ஒரு பெயர் எழுதப்படாததால் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த டிஸ்க்கில் அதைப் போல இன்னும் என்னென்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான், அவருக்கு 81 வயது. ஆகவே எந்த மென்பொருள் என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தெரிந்ததை எப்படி அந்தக் கோப்புகளுக்குள் எழுதிவைப்பது என்பதை முதல் கேள்வியாக எடுத்துக்கொள்வோம். கீழே நான் சொல்வதெல்லாம் அந்த வரிசையில்தான் வருகிறது.

மகன் சொல்வது எவ்வளவு சரி

கசெட் காலத்தை நினைத்துப் பாருங்கள். பெட்டியின் முதுகில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்போம், உள்ளே மடித்த அட்டையில் பாட்டு, பாடியவர், இசை, படம் எல்லாம் இருக்கும். கோப்பின் பெயர் என்பது அந்த ஸ்டிக்கர். டேக் என்பது உள்ளே இருக்கிற அட்டை. மகன் ஸ்டிக்கரை மட்டும் மாற்றச் சொல்கிறான். அது பிழையில்லை, ஆனால் போதாது. அப்பாவின் ஃபோனில் பாட்டுச் செயலியைத் திறந்தால் அது பெரும்பாலும் அட்டையைத்தான் வாசிக்கும், ஸ்டிக்கரை அல்ல. நீங்கள் கோப்புக்கு எவ்வளவு வடிவாகப் பெயர் வைத்தாலும் திரையில் ‘ட்ராக் 07’ என்றுதான் வரும்.

இந்த அட்டைக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு, உங்கள் பிரச்சினையில் பாதி அதில்தான் இருக்கிறது. எம்பி3 வந்த காலத்தில் கோப்புக்குள் பெயர் எழுத இடமே இருக்கவில்லை. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் வாலில் 128 பைட்டுகளைச் சேர்த்து அதற்குள் விபரம் எழுதும் வழியைக் கொண்டுவந்தார், ஐடி3 என்று பெயர். தலைப்புக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, அவ்வளவுதான், அதுவும் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தது. எல்லா மொழி எழுத்துக்கும் இன்று கணினிகள் பொதுவாகப் பாவிக்கிற யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில், தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். ‘கோ’ என்று ஒரே ஒரு எழுத்தை எழுதினால் ஆறு பைட் போய்விடும். ‘சீர்காழி கோவிந்தராஜன்’ என்ற பெயருக்கே அந்தப் பெட்டி போதாது. 1998இல் ஐடி3யின் இரண்டாவது வடிவம் வந்தபோதுதான் விபரம் கோப்பின் தலைப்பக்கத்துக்குப் போனது, நீளக் கட்டுப்பாடும் போனது, யூனிகோடுக்கும் இடம் வந்தது. இன்று பாவனையில் இருப்பவை 1999இல் வந்த 2.3உம் 2000இல் வந்த 2.4உம். பழைய ரேடியோ, கார் பிளேயர்களுக்கு 2.3 தான் கூடுதலாக ஒத்துப்போகும், எம்பி3டேக்கும் வழக்கமாக அதில்தான் எழுதும். நீங்கள் அமைப்பில் ஒன்றையும் தொட வேண்டாம்.

ஒலித்தரம் பற்றிய பயம்

இதை எல்லோரும் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வது ஒரு இடத்தில் உண்மை, உங்கள் இடத்தில் இல்லை. டேக்கில் எழுதும்போது பாட்டு இருக்கிற பகுதியை யாரும் தொடுவதில்லை, அட்டையை வெளியே எடுத்து எழுதித் திரும்ப வைப்பது போலத்தான். நூறு தரம் எழுதினாலும் ஒலி அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு எம்பி3யைத் திறந்து, பெயரை மாற்றி, திரும்ப எம்பி3யாக ஏற்றுமதி செய்தால் அது பாட்டை விரித்து மறுபடி சுருக்குகிறது. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தேயும். கசெட்டில் இருந்து கசெட்டுக்குப் பிரதி எடுத்த காலம் ஞாபகம் இருக்கும்தானே, அதே கதை. ஆகவே பெயர் எழுதும் வேலைக்கு ஒடாசிட்டியை எடுக்காதீர்கள்.

கசெட் கடைக்காரர் ஒரு பக்கம் முழுவதையும் 30 நிமிடக் கோப்பு ஒன்றாகவே தந்திருக்கிறார், அதைப் பாட்டுப் பாட்டாகப் பிரிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் ஒடாசிட்டி வேண்டாம், எம்பி3டைரக்ட்கட் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது, மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டித் தரும். ஆனால் அது பிறகு. இப்போதைக்கு அந்த நீளக் கோப்புகளுக்கு ஒரு பெயரை மட்டும் எழுதி அப்படியே விடுங்கள்.

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அட்டைக்கு இடம் போதாமல் போனால் மென்பொருள் முழுக் கோப்பையும் திரும்ப எழுதும். அந்த நேரத்தில் கேபிளை இழுத்தாலோ, கரண்ட் போனாலோ அந்தக் கோப்பு பாழாகலாம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். மடிக்கணினிக்குப் பற்றரி இருந்தாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பாதீர்கள். முதல் எழுத்து எழுத முன்னம் பிரதி எடுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி, நாலு நிமிடப் பாட்டு நாலு எம்பி, 3,800 பாட்டும் சேர்ந்தால் 15 ஜிபி அளவு. நீளக் கோப்புகளையும் கணக்கில் எடுத்தால் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று தாராளம். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று தம்பியிடம். வேலை செய்வது மூன்றாவது பிரதியில். அப்பாவின் டிஸ்க்கைத் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள்.

அந்த வாசிக்க முடியாத எழுத்துகள்

தயவுசெய்து அவற்றை அழித்துவிடாதீர்கள். குப்பை போலத் தெரிகிறவற்றில் பாதிக்கு மேல் நல்ல தமிழ்.

அரைப்புள்ளி அடிக்கடி வருகிறது என்று நீங்கள் எழுதியதுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது: அது பாமினி. எங்களுடைய ஊரில் ஒரு காலத்தில் கலியாண அழைப்பிதழ் முதல் கோயில் நோட்டீஸ் வரை எல்லாமே பாமினி எழுத்துருவில்தான் அடித்தோம். அதில் கணினி வைத்திருப்பது தமிழ் எழுத்தை இல்லை, ஆங்கில விசைகளை. ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசையாகத்தான் கிடக்கும். அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி, அதனால்தான் வரிக்கு நாலைந்து தரம் வருகிறது. பாமினி எழுத்துருவைப் போட்டுப் பார்த்தால் தமிழாகத் தெரியும். டேக்கில் எழுத்துருவைக் குறிக்க இடமில்லாததால் வெறும் விசைகள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. சுரதாவின் ‘பொங்குதமிழ்’ மாற்றியிலோ என்எச்எம் கன்வெர்ட்டரிலோ அந்த வரியை ஒட்டிப் பாமினி என்று தெரிவு செய்தால் யூனிகோட் தமிழ் வந்துவிடும், அதைக் கொண்டுவந்து திரும்ப ஒட்டுங்கள். உண்மையிலேயே ஆங்கிலத்தில் எழுதிய பெயரை மாற்றியில் போட்டால் அது அர்த்தமில்லாத தமிழாகிவிடும், அதனால் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றாமல் பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள்.

இன்னொரு வகை இருக்கும்: தலையில் சின்னக் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வரும். அது யூனிகோட் தமிழை வேறு முறையில் வாசித்ததால் வருவது, உள்ளே எழுத்து பத்திரமாக இருக்கிறது, மீட்கலாம். கேள்விக்குறிகள் மட்டுமே வரிசையாக இருந்தால்தான் போனது போனதுதான், அங்கே எழுத்து அழிந்து அதன் இடத்தில் கேள்விக்குறி சேமிக்கப்பட்டுவிட்டது. அவற்றை அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.

தானாகப் பெயர் கண்டுபிடிக்கும் மென்பொருள் வேண்டாமா

மகனோ தம்பியோ சீக்கிரம் இதைப் பற்றிச் சொல்வார்கள். மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், நேர்மையான மென்பொருள், விண்டோஸிலும் மாக்கிலும் லினக்ஸிலும் ஓடும். பாட்டைக் கேட்டு அதன் ‘கைரேகை’யை எடுத்து, உலகம் முழுக்க ஆட்கள் சேர்த்த தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயர் போடும். ஆங்கிலப் பாட்டுச் சிடிகள் நிறைய இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். உங்கள் டிஸ்க்குக்கு வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. தமிழ்ச் சினிமாப் பாட்டுகளில் கொஞ்சம் கிடைக்கும். எங்களுடைய பொப்பிசைப் பாட்டுகள், கோயில்கள் வெளியிட்ட பக்திப் பாடல்கள், இலங்கை வானொலியில் இருந்து பதிவு செய்த நாடகங்கள் எல்லாம் நான் தேடிய அளவில் மிகக் குறைவாகவே அகப்பட்டிருக்கின்றன. கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, பிழையாகக் கிடைப்பதுதான் சிக்கல். ஒரே பாட்டு ஏழெட்டுத் தொகுப்புகளில் வந்திருக்கும், மென்பொருள் ‘பொன்னான பாடல்கள், பாகம் 4’ என்கிற மாதிரி ஏதோ ஒரு தொகுப்பின் பெயரை ஆல்பமாகப் போட்டுவிட்டுப் போய்விடும், படத்தின் பெயர் காணாமல் போகும்.

நானும் ஒரு குடும்பத்தின் சேகரிப்பில் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். நேரம் மிச்சம் என்று அறுநூறு கோப்புகளை ஒரே இரவில் தானியங்கியாக ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் அந்த வீட்டுப் பெரியவர் தன் கையால் குறிப்புப் பகுதியில் எழுதி வைத்திருந்த ‘கண்டியில் வாங்கியது, 1979’ போன்ற வரிகள் பலவற்றின் மேல் தரவுத்தளத்தின் விபரம் ஏறியிருந்தது. பிரதி இருந்ததால் மீட்டேன். அதற்குப் பிறகு குடும்பச் சேகரிப்பு எதையும் நான் தானியங்கியிடம் விட்டதில்லை.

கணவர் சொல்கிற கடை யோசனைக்கும் இதேதான் பதில். கடையில் இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளையாகவே இருக்கலாம், ஆனால் அவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது, 3,800 கோப்பை ஒவ்வொன்றாகக் கேட்கவும் மாட்டார், தானியங்கியைத்தான் ஓடவிடுவார். அதோடு அம்மாவின் குரல் உட்பட எல்லாமே ஒரு பிரதி அவருடைய கணினியில் தங்கும். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் வீட்டுப் பதிவுகளை எடுத்துவிட்டு மிச்சத்தின் பிரதியைக் கொடுங்கள்.

எம்பி3டேக்கில் முதல் அரை மணி நேரம்

மென்பொருளைத் தேடும்போது விளம்பரமாக முதலில் வரும் பெரிய ‘டவுன்லோட்’ பொத்தான்களை அமத்தாதீர்கள், அதிகாரபூர்வத் தளத்துக்கே போங்கள், அதன் முகவரி ஜேர்மனியின் ‘டிஈ’ என்று முடியும். திறந்ததும் வலப்பக்கம் பாட்டுகளின் பட்டியல், இடப்பக்கம் எழுதுகிற பெட்டிகள். ஒரு கோப்புறையை இழுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஒரு படத்தின் பாட்டுகள் ஆறு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஆறையும் ஒன்றாகத் தெரிவு செய்தால், இடப்பக்கப் பெட்டிகளில் ஒன்றுக்கொன்று வேறுபடுகிற இடங்களில் ‘கீப்’ என்று ஒரு சொல் கூர் அடைப்புக்குள் தெரியும். ‘இருக்கிறபடியே விடு’ என்று அர்த்தம். அதைத் தொடாதவரை ஒவ்வொரு பாட்டின் தலைப்பும் தன்பாட்டில் இருக்கும். ஆல்பம் பெட்டியில் மட்டும் படத்தின் பெயரைத் தமிழில் அடித்து, கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமத்துங்கள். ஆறு கோப்பிலும் பெயர் விழுந்துவிடும். பிழைத்தால் கன்ட்ரோலும் இஸட்டும் அமத்தித் திரும்ப எடுக்கலாம், அதுவும் மென்பொருளை மூட முன்னம். இதைப் பழகிவிட்டால் முக்கால்வாசி வேலை தெரிந்துவிட்டது. மகன் ஏற்கெனவே பெயர் மாற்றிவிட்ட கோப்புகள் இருந்தால் அவன் உழைப்பும் வீணில்லை: ‘கன்வெர்ட்’ பட்டியலில் கோப்பின் பெயரில் இருந்து டேக்குக்கு எடுக்கும் வசதி இருக்கிறது, ஒரே அமத்தில் நூறு பாட்டுக்குத் தலைப்பு வந்துவிடும்.

எந்தப் பெட்டியில் எதை எழுதுவது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். எங்கள் பாட்டுகளுக்கு நான் பின்பற்றுவது இது: ‘ஆர்ட்டிஸ்ட்’ பெட்டியில் பாடியவர்கள், ‘கம்போசர்’ பெட்டியில் இசையமைப்பாளர், ‘ஆல்பம்’ பெட்டியில் படம் அல்லது கசெட்டின் பெயர், ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ பெட்டியிலும் இசையமைப்பாளரின் பெயர். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஒரு படத்தில் ஆறு பாட்டை ஆறு பேர் பாடியிருந்தால், அந்தப் பெட்டி வெறுமையாக இருக்கும் பட்சத்தில் பல செயலிகள் ஒரே படத்தை ஆறு ஆல்பமாக உடைத்துவிடும். ‘ஃபோனில் ஒவ்வொரு படமும் நாலைந்து தரம் வருகிறது’ என்று நீங்கள் எழுதியிருந்தது இதனால்தான்.

பெயர்களில் ஒரு முறையை முதல் நாளே முடிவு செய்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ரி.எம். சௌந்தரராஜன் என்று நாங்கள் எழுதுவோம், இந்தியாவில் இருந்து வந்த கோப்பில் டி.எம். என்றிருக்கும், மூன்றாவதில் டி.எம்.எஸ். என்று மட்டும் இருக்கும். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். எது சரி என்று வாதாட வேண்டியதில்லை, அப்பாவுக்குப் பழகியது எதுவோ அதையே எல்லாவற்றுக்கும் போடுங்கள். பாட்டின் வகையைப் பற்றி மண்டையை உடைக்க வேண்டாம். ஐடி3யின் முதல் பட்டியலில் 80 வகைகள் இருந்தன, தேவாரத்துக்கு அதில் இடமில்லை. சினிமா, பக்தி, பொப்பிசை, நாடகம், வீடு என்று ஐந்தை நீங்களே தமிழில் அடித்துவிடுங்கள்.

அட்டைப்படம் போட ஆசையாக இருக்கும். போடுங்கள், ஆனால் 500 பிக்சல் அளவுக்கு மேல் வேண்டாம். 2 எம்பி படத்தை 3,800 பாட்டுக்கும் போட்டால் 7 ஜிபிக்கு மேல் படம் மட்டும் சேரும், அப்பாவின் கண்ணுக்கு அது தெரியப்போவதும் இல்லை.

அப்பா பாவிப்பதாக நீங்கள் எழுதியிருக்கிற சின்ன யூஎஸ்பி ரேடியோ பற்றி ஒரு எச்சரிக்கை. அப்படியான மலிவுப் பெட்டிகள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, கட்டம் கட்டமாகக் காட்டும். டேக்கைத் தமிழில் எழுதிவிட்டு, ரேடியோவுக்குப் போகிற பென் டிரைவில் மட்டும் கோப்பின் பெயரை நாலு இலக்க எண்ணோடு ஆங்கில எழுத்தில் வையுங்கள். முதலில் மூன்று பாட்டைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள், பிறகு மிச்சம்.

சட்டம்

சொந்தப் பாவனைக்காக டேக்கைத் திருத்துவதில் நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை. பதிப்புரிமைக் குறிப்பு என்று ஏதாவது ஏற்கெனவே எழுதியிருந்தால் அதை மட்டும் அழிக்காமல் விடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நியாயமாக வாங்கிய ஒரு பிரதியில் இருந்து தன் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. அப்பா காசு கொடுத்து வாங்கிய கசெட்டுகளை எம்பி3 ஆக்கியது அந்த வகைக்குள் வரும். இணையத்தில் கண்டபடி இறக்கியவை வராது, அவற்றைத் திருத்திப் பெயர் போட்டுவிட்டதால் அவை உங்களுடையவை ஆவதும் இல்லை.

பழைய பாட்டுத்தானே, எல்லோருக்கும் பயன்படட்டும் என்று யூடியூபில் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒலிப்பதிவின் உரிமை வெளிவந்த வருடத்தில் இருந்து 50 வருடத்தில் முடிந்தாலும், பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை அவர்கள் இறந்து 70 வருடம் வரை நிற்கும். ‘பழையது’ என்று நாங்கள் நினைக்கிற பெரும்பாலான சினிமாப் பாட்டு அதற்குள்தான் இருக்கிறது. அரிய வானொலி நாடகம் ஏதாவது அகப்பட்டால் அதை என்ன செய்யலாம் என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்பாவோடு உட்காருவது

ஒரு நாளைக்கு 30 பாட்டு என்று போனால் 3,800க்கு நாலு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. அகரவரிசையில் தொடங்காதீர்கள். பெயர் உள்ள சினிமாப் பாட்டுகளை உங்கள் மகனும் தம்பியும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், அவற்றின் விபரம் உலகத்தில் எங்கேயாவது கிடைக்கும். பெயரில்லாத ‘ட்ராக்’ கோப்புகளையும் கசெட்டில் இருந்து வந்தவற்றையும் முதலில் எடுங்கள். பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு அப்பாவைக் கதிரையில் இருத்தி, ஒவ்வொன்றிலும் 20 விநாடி ஓடவிடுங்கள். பெரும்பாலும் அது போதும், அந்தத் தலைமுறைக்கு முன்னிசையிலேயே படம் தெரியும். அவர் சொல்வது எதுவானாலும் ‘கொமென்ட்’ பெட்டியில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்: இந்தக் கசெட்டை எங்கே வாங்கினேன், இதை எங்களுக்கு முதலில் போட்டுக் காட்டியது யார், பின்னால் கேட்கிற மணி எந்தக் கோயிலுடையது. பாட்டின் பெயர் தெரியாவிட்டால் முதல் வரியை எழுதி ஒரு கேள்விக்குறி போடுங்கள். வெறுமையாக விடுவதைவிட ‘அப்பாவுக்கு ஞாபகமில்லை’ என்று எழுதுவது மேல், அடுத்து வருகிறவருக்கு அது கேட்டுப் பார்த்த விஷயம் என்று தெரியும். களைத்தால் நிறுத்திவிடுங்கள். மாதத்துக்கு ஒரு தரம் எம்பி3டேக்கின் ‘எக்ஸ்போர்ட்’ வழியாக முழுப் பட்டியலையும் ஒரு கோப்பாக எடுத்துத் தம்பிக்கு அனுப்புங்கள்.

‘ட்ராக் 07’

அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இன்னும் அப்படியே வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தலைப்பில் தேவாரத்தின் முதல் அடி. பாடியவர் பெட்டியில் ‘அம்மா’ என்று எழுதாதீர்கள், உங்கள் பேரப்பிள்ளை ஒரு நாள் திறக்கும்போது அது யாருடைய அம்மா என்று தெரியாது, அவருடைய முழுப்பெயரை எழுதுங்கள். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் அப்பாவிடம் கேளுங்கள், எந்த வீட்டில் இருந்தபோது, உங்களில் யார் பிறந்திருந்தீர்கள் என்று கேட்டால் வருடம் தானாக வரும். யார் பதிவு செய்தது, எந்த அறை, பின்னால் வேறு யாருடைய குரல் கேட்கிறது என்பதெல்லாம் கொமென்ட் பெட்டிக்கு. இந்த ஒன்றைக் குடும்பத்துக்குள் பகிர நீங்கள் ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அந்தக் கசெட் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. இருந்தால் தூக்கி வீசாதீர்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் இப்போதே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் போகாத டப்பாவுக்குள் வையுங்கள், ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம். கடையில் எம்பி3யாகச் சுருக்கியபோது அவர் குரலில் கொஞ்சம் போயிருக்கும். நாடா நல்ல நிலையில் இருந்தால், சுத்தம் செய்த ஒரு கசெட் டெக்கில் ஒரே ஒரு தரம் ஓடவிட்டு, சுருக்காத வேவ் கோப்பாகத் திரும்ப எடுக்கலாம். எந்தக் கசெட், எந்தப் பக்கம் என்று அப்பாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள், எப்படிச் செய்வதென்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.